காகித மரத்துக்குள் ஒரு பட்டன் செல்

டிசம்பர் பிறந்தால் மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரை வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், முற்றத்தில் குடில் எழும்பும். இப்போது சாப்பாட்டு மேசைக்கென்று ஒரு சாண் உயரக் காகித மரமும் சேர்ந்திருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் செய்து டீச்சருக்கும் பக்கத்து வீட்டுக்கும் பரிசாகக் கொடுக்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்குள் வைக்கிற விளக்கு சில நேரம் எங்களிடம் வந்து சேர்கிறதே!

முதலில் மரம். பழைய வாரப் பத்திரிகை போதும். அட்டையைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு தாளின் மேல் மூலையையும் முதுகு மடிப்பு வரை கொண்டுவந்து மடக்குங்கள். அந்தச் சாய்ந்த விளிம்பை இன்னொரு முறை முதுகோடு சேர்த்து மடக்குங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோணத்தை உள்ளே தள்ளிவிடுங்கள். எல்லாத் தாளும் முடிந்ததும் அதுவாகவே விரிந்து நிற்கும். முதல் தாளையும் கடைசித் தாளையும் ஒட்டினால் முழுக் கூம்பு. பக்கம் போதாவிட்டால் இரண்டு இதழ்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலே வேண்டாம் என்பதால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய இதுதான் தோது.

பச்சை சார்ட்டை அரைவட்டமாக வெட்டிச் சுருட்டுகிற மரம் இன்னும் சுலபம். ஆனால் அது உள்ளே வெற்றாக இருக்கும். வெற்றிடத்தைப் பார்த்தால் விளக்கு வைக்கத் தோன்றும். காகிதத்துக்குள் மெழுகுவத்தி வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மெழுகுவத்தி மாதிரியே மினுங்கும் எல்.இ.டி. விளக்கை வைக்கிறோம். மலிவான விளக்குகள் பலவற்றின் அடியில் நகத்தால் நெம்பினாலே திறக்கும் ஒரு மூடி. கீழே விழுந்தாலும் திறந்துகொள்ளும். உள்ளே வெள்ளிக்காசு போல ஒரு பட்டன் செல்.

அதன் முதுகில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்றிருக்கும். விட்டம் 20 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்வதற்குச் சரியான அளவு. ஈரமான சதை இரண்டு பக்கமும் பட்டதும் மின்சாரம் ஓடும். செல்லின் எதிர்மின் (–) முனைப் பக்கம் கடும் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் பொசுக்கிவிடும். குழாய் ஓட்டையாகலாம், பக்கத்தில் இருக்கும் மூச்சுக்குழாய்க்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் அது பரவலாம். செல் தானாகக் கீழே இறங்கிவிடும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருப்பது இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து. விளக்கு எரியாத பழைய செல்லும் சுடும், அதில் மிச்சம் இருக்கும் மின்சாரமே போதும்.

பிள்ளை செல்லை விழுங்குவதைப் பெற்றோர் பார்த்திருந்தால் பரவாயில்லை. பார்க்காவிட்டால், எச்சில் ஒழுகுகிறது, சாப்பிட மறுக்கிறான், இருமுகிறான் என்று சளித் தொந்தரவாக நினைத்து நாள் போய்விடும். சிலர் "காசு முழுங்கிட்டான்" என்று வருவார்கள். எக்ஸ்-ரேயில் காசுக்கு ஒரே வட்டம். செல்லுக்கு உள்ளுக்குள் இன்னொரு வட்டம் தெரியும்.

சந்தேகம் வந்தாலே கிளம்புங்கள், 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளமோ திருவனந்தபுரமோ, எண்டோஸ்கோப்பி (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்து எடுப்பது) செய்யக்கூடிய, சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய பெரிய மருத்துவமனைக்கு. வாந்தி எடுக்க வைக்கவேண்டாம், சாப்பாடு வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்க முடிகிறது என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை, போகும் வழியிலேயே கொடுங்கள். தேன் செல்லைச் சுற்றிப் படிந்து எரிச்சலைத் தாமதப்படுத்தும், குணப்படுத்தாது. மார்த்தாண்டத்துக்காரர்களுக்குத் தேனைத் தேடி அலையவேண்டியதில்லை, 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. தேனீப் பெட்டி வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த ஊர். ஆனால் தேன் எடுக்கிறேன் என்று ஐந்து நிமிடம் வீணாக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

மூக்கில் போட்டுக்கொண்டால் சொட்டு மருந்தோ உப்புத் தண்ணீரோ விடாதீர்கள், ஈரம் பட்டால் வேகம் கூடும். நேராக எங்களிடம் வாருங்கள். அலங்காரத்துக்கு ஒட்டும் தெர்மாகோல் உருண்டையும் மணியும்கூட மூக்குக்குள் போகிறவைதான். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

விளக்கே வேண்டாம் என்பேன். ஜிகினாத் தாளைக் கீற்றாக வெட்டி ஒட்டினால் ஸ்டார் வெளிச்சத்தில் மரம் மினுங்கும். கட்டாயம் வேண்டுமென்றால், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல் போட்டு, மூடியை ஸ்க்ரூ வைத்து முடுக்கும் சரம் வாங்குங்கள். பரிசாக வந்த மரத்தையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பட்டன் செல் இருந்தால் கழற்றி, இரண்டு பக்கமும் செலோ டேப் சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு வையுங்கள். மின்னணுக் கழிவு வாங்குபவர் வரும்போது கொடுத்துவிடலாம்.