செப்புத் தகட்டில் முகம் வெட்ட வெள்ளிப் பட்டறை ஆசிட் எதற்கு?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையின் நைட்ரிக் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கிவந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செப்புத் தகட்டில் எட்சிங் போடுவது இன்னும் நிற்கவில்லை. எட்சிங் என்றால் மெழுகு பூசிய தகட்டில் படத்தைக் கீறி, கீறிய கோடுகளை ஆசிட்டில் அரிக்கவைத்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்செடுப்பது. தண்ணீர் பாட்டிலில்! வீட்டில் குழந்தைகள் இல்லையா?

காட்டமான நைட்ரிக் ஆசிட்டில்தான் கோடு ஆழமாக விழும், முகம் எடுப்பாக வரும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ஆழம் நேரத்தால் வருவது. காட்டமான ஆசிட் கோட்டைப் பக்கவாட்டிலும் தின்னும். கொப்புளம் கோட்டின்மேல் உட்கார்ந்து விளிம்பைக் குதறும். தகடு சூடேறும், சூட்டில் இன்னும் வேகமெடுக்கும், மெழுகுப் பூச்சு உரியும். கன்னத்தில் நெருக்கமாக இழுத்த பத்துக் கோடும் சேர்ந்து ஒரே பள்ளம். அகலப் பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போதே போய்விடும். கறுப்பு வேண்டிய இடத்தில் வெளிறிய திட்டுதான் மிச்சம்.

செம்புக்கு ஃபெரிக் குளோரைடு போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். கட்டியாக வாங்கினால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்தமாகப் போட்டால் கொதித்துத் தெறிக்கும். வண்டல் கோட்டை அடைக்காமலிருக்கத் தகட்டைக் கவிழ்த்து, மூலைகளில் பிளாஸ்டிக் துண்டு முட்டுக்கொடுங்கள். நெற்றிக்கும் கன்னத்துக்கும் 10 நிமிடம். எடுத்துக் கழுவி, உலர்த்தி, அந்தக் கோடுகள் மேலும் அரிக்காதபடி வார்னிஷால் மூடி, தகட்டைத் திரும்ப இறக்குங்கள். தாடை நிழலுக்கு மொத்தம் 30. கருவிழி, கூந்தல் 60 வரை போகலாம். மே மாதச் சேலத்தில் இந்த நேரம் குறையும், மார்கழி ஏற்காட்டில் இழுக்கும். குளிர்கிறதென்று காட்டத்தைக் கூட்டாதீர்கள். கரைசல் இருக்கும் தட்டை வெந்நீரில் வையுங்கள். முதலில் துண்டுத் தகட்டில் சோதனை.

துத்தநாகத் தகடா? 1 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 75 கிராம், கல்லுப்பு 75 கிராம். காப்பித் தோட்டக்காரர்களுக்கு மயில்துத்தம் புதிதல்ல, போர்டோ என்ற பூஞ்சைக்கொல்லிக் கலவைக்கு வாங்குவதுதான். நீலம் வெளுத்தால் சத்துப் போய்விட்டது. அலுமினியத்தை மட்டும் ஃபெரிக்கில் போடவே போடாதீர்கள், பொங்கும்.

நைட்ரிக்கின் செம்பழுப்புப் புகையை மூச்சில் இழுத்துவிட்டீர்களா? இருமல் அடங்கியதும் வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கும். துணிமாஸ்க் இதைத் தடுக்காது. உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன புகை என்று பெயரோடு சொல்லுங்கள்.

தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். அதில் கரைந்த செம்பு இருக்கிறது, போய்ச் சேருவது திருமணிமுத்தாற்றில். சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், நுரைக்கும். நுரை நின்றதும் வண்டலைப் படியவிட்டு வடித்து, பெயர் எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் அடையுங்கள். ஆபத்தான கழிவு எடுப்பவர்களிடம்தான் அது போக வேண்டும்.