துல்லியப் பண்ணையம்

ஒரே ஏக்கர் நெல்வயல்தான். மடைவாய்ப் பக்கம் பயிர் கருகருவென்று தழைத்துச் சாய்கிறது. கடைசி மூலையில் களர் பூத்து, நாற்று வேர்பிடிக்கவே திணறுகிறது. ஆட்டுக்கிடை போட்ட இடம் ஒரு மாதிரி, மேட்டை வெட்டி நிரவிய இடம் வேறு மாதிரி. யூரியாவை மட்டும் வயல் முழுக்க ஒரே சீராக வீசுகிறோம். அப்படி இல்லாமல், ஒரு வயலுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும் மண்ணையும் விளைச்சலையும் அளந்து, அதற்கேற்ப விதை, உரம், நீர் கொடுப்பதுதான் ‘பிரிசிஷன் ஃபார்மிங்’. தமிழில் துல்லியப் பண்ணையம் என்கிறோம்.

எண்ணம் பழையது. வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்ணின் அமிலத்தன்மையைச் சோதித்துப் படம் போட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு இடும்படி அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1929இலேயே சொன்னது. 1990களில் ஜிபிஎஸ்ஸும் அறுவடை இயந்திரத்தில் பொருத்தும் விளைச்சல்மானியும் வந்த பிறகு பரவியது.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் ஊன்றியது, 2004-05இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொடங்கி 400 ஹெக்டேரில் நடந்த திட்டத்தால். சொட்டுநீர், அதன் வழியே கரையும் உரம், குழித்தட்டு நாற்று, உழவர் சங்கம் எல்லாம் அதில் இருந்தன. நல்ல காரியம்தான். ஆனால் அப்புறம் பலருக்குத் துல்லியப் பண்ணையம் என்றாலே சொட்டுநீர்க் குழாய் என்றாகிவிட்டது. வயலுக்குள் இருக்கும் வேறுபாடு என்ற கரு நழுவிப் போனது.

சொல்லுக்கும் அதில் பங்குண்டு என்று நினைக்கிறேன். ‘பிரிசிஷன்’ லத்தீனில் வெட்டிக் குறைப்பதைச் சொன்ன சொல். நம் ‘துல்லியம்’ வடமொழி ‘துல்ய’விலிருந்து வந்தது, பொருள் ‘ஒத்தது’, ‘சமமானது’. தராசைக் குறிக்கும் துலா இதற்கு உறவு. மிகச் சரியான அளவு என்ற பொருள் பின்னால் ஏறியது. எல்லா இடத்துக்கும் சமமாகக் கொடுக்காதே என்று சொல்லும் முறைக்கு இது எப்படிப் பொருந்தும்?

இடனறிதல் என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. ‘இடமறி வேளாண்மை’ என்றால் கேட்டவுடனே விஷயம் புரியும். அரசு ஏடுகளில் பழைய பெயரே இருக்கட்டும். உழவரிடம் பேசும்போது நான் இதைத்தான் சொல்வேன்.

மண் மாதிரி எடுக்கும்போதே இந்தப் பெயர் உதவும். வழக்கமாகப் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ அனுப்புகிறோம், வருவது சராசரிதான். களர் மூலையையும் மடைவாயையும் தனித்தனிப் பையில் கட்டி அனுப்புங்கள்.