ஷட்டர்: மதகா, கதவா, கண்ணா?

"அணையின் ஷட்டர் உடைந்தது" என்று செய்தி வரும்போது, உடைந்தது எது என்பது மட்டும் அதில் இருக்காது. இரும்புத் தகடா, அதைத் தூக்கும் சங்கிலியா, தகடு ஏறி இறங்கும் தூணா? தமிழ்நாட்டின் பொறுப்பில் உள்ள அணைகளில் 2017 முதல் 2022 வரை மூன்று இடங்களில் இந்தச் செய்தி வந்தது. மூன்றிலும் பழுதானது வெவ்வேறு உறுப்பு.

கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் உடைந்தது முதல் கண்ணின், அதாவது நீர் போகும் முதல் திறப்பின், கதவு. முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 இரவு "9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன" என்றார்கள். அங்கே சாய்ந்தவை தூண்கள்; அவற்றோடு சேர்ந்து மேலே இருந்த பாலமும் இடையில் இருந்த கதவுகளும் விழுந்தன. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. அங்கே 2022 செப்டம்பர் 21 அதிகாலையில், கதவைத் தூக்க உதவும் எதிர்எடையின் சங்கிலி அறுந்து, மூன்றில் நடுக்கதவு பெயர்ந்தது. முதலாவதில் பார்க்க வேண்டியது தகட்டின் துரு. இரண்டாவதில் அடித்தளம். மூன்றாவதில் சங்கிலியின் தேய்மானம். மூன்றுக்கும் ஒரே சொல் போட்டால் தேட வேண்டிய இடமே மறைந்துவிடுகிறது.

'ஷட்' என்றால் ஆங்கிலத்தில் மூடு. அதன் பழைய பொருள் தாழ்ப்பாள் போடுவது. சன்னலை மூடும் மரப்பலகைக்கு ஷட்டர் என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். நம் ஊரில் கடையின் சுருள்கதவுக்கும் அணையின் இரும்புக் கதவுக்கும் இந்த ஒரே பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் பலரும் இதற்கு 'மதகு' என்று எழுதுகிறார்கள். அது பழைய, அழகான சொல். சிலப்பதிகாரத்தின் கானல்வரி காவிரிக்கரை ஓசைகளில் ஒன்றாக 'மதகோதை'யைச் சொல்கிறது. ஆனால் மதகு என்பது நீர் வெளியேறும் வழியும் அதைச் சுற்றிய கட்டுமானமும். அடைக்கும் பொருள் அல்ல. ஏரியின் பழைய மதகில் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கல், கீழே துளையிட்ட பலகைக் கல். அந்தத் துளையை அடைப்பது கட்டை; கட்டையைத் தூக்கினால் பாசனத்துக்குத் தண்ணீர். நிரம்பி வழியும் நீருக்கு வேறு இடம் உண்டு, அதன் பெயர் கலிங்கு. அதன்மேல் நட்ட கற்களுக்கு இடையில் பலகையும் மண்ணும் வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவார்கள். அணையில் வெள்ளநீர் போகும் பகுதி பொருளால் கலிங்கின் இனம்தான். "மதகு திறப்பு" என்று மட்டும் எழுதினால் பாசனத்துக்கா, கரையோர மக்கள் விலக வேண்டிய வெள்ளத்துக்கா என்பது புலப்படாது.

அப்படியானால் ஷட்டருக்குச் சரியான சொல்? கதவு. 'கதவணை' என்று ஏற்கெனவே மாயனூரில் சொல்கிறோமே, அதில் இருப்பது இந்தக் கதவுதான். கதவு அடைக்கும் திறப்புக்குக் கண் என்று பெயர். மேட்டூரில் உபரிநீர் போகும் இடத்தை ஊர் மக்கள் '16 கண்' என்றே அழைக்கிறார்கள். 'புதவு' என்ற பழஞ்சொல்லுக்குக் கதவு, மதகு இரண்டு பொருளையும் அகராதிகள் தருகின்றன. இன்று வழக்கில் இல்லாததால் அதை மீட்பதைவிட 'மதகுக் கதவு', 'கலிங்குக் கதவு' என்று பிரித்துச் சொல்வது பயன்படும்.

கதவு என்று பெயர் வைத்தபின் உறுப்புகளும் தனித்தனியே கண்ணில் படும். 6 மீட்டர் உயரம், 12 மீட்டர் அகலமுள்ள கதவின் மேல்விளிம்பு வரை நீர் நின்றால், அதன்மேல் விழும் விசை சுமார் 216 டன். இதைத் தாங்குவது முகத்தகடும் பின்னால் உள்ள விட்டங்களும். விட்டங்களில் நீர் வடிய விட்ட துளைகள் சேற்றால் அடைபட்டால் அங்கே தண்ணீர் தேங்கி, வெளியில் தெரியாமல் தகடு மெலியும். பெயின்ட் அடித்திருக்கிறது என்பதை நம்பக் கூடாது. மீயொலிக் கருவியால் தடிமனை அளந்து, முதலில் போட்ட தடிமனோடு ஒப்பிட வேண்டும். கசிவைத் தடுக்கும் ஓர ரப்பர் கிழிந்தால் பீய்ச்சும் நீர் காடியை, அதாவது கதவு ஏறி இறங்கும் தூணின் பள்ளத்தை, அரிக்கும். காடியில் உருளும் கதவின் சக்கரம் இறுகினால் கதவு ஒருபக்கம் சாய்ந்து காடியில் சிக்கும். அப்போதும் மோட்டாரை ஓட்டினால் கம்பிவடமோ சங்கிலியோ அறும்.

கதவை இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து நாள்கணக்கில் விட்டுவைப்பதும் கெடுதல். அந்த இடுக்கில் சீறும் நீர் கதவை அதிர வைத்து, ஆணிகளைத் தளர்த்தும்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வைக் கட்டாயமாக்கியுள்ளது. மழைக்கு முந்தைய ஆய்வில் ஒவ்வொரு கதவையும் முழு உயரம் தூக்கி இறக்க வேண்டும், மின்சாரத்தில் ஒருமுறை, ஜெனரேட்டரில் ஒருமுறை. கைப்பிடியால் சுற்றியும் பார்க்க வேண்டும். நீர் நிற்கும்போது இதைச் செய்ய, கதவுக்கு முன்னால் ஸ்டாப் லாக் இறக்கும் காடி வேண்டும். ஸ்டாப் லாக்குக்குத் தமிழ் 'அடைபலகை'; ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி நீரைத் தடுக்கும் இரும்புத் துண்டுகள். கர்நாடகத்தின் துங்கபத்திரையில் 2024 ஆகஸ்டில் 19-ஆம் கதவின் சங்கிலி அறுந்து கதவு ஆற்றோடு போனபோது, நீர் பாய்ந்துகொண்டிருக்கையிலேயே அடைபலகைகளை அவசரமாகச் செய்து இறக்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியைத் தமிழில் இப்படி எழுதலாம்: "19-ஆம் கண்ணில் சங்கிலி அறுந்தது, கதவு போனது, அடைபலகை இறக்கி நீரை நிறுத்தினர்."