கோப்பு: நூலில் பிறந்த சொல்

ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மா அண்மையில் மடிக்கணினி பழகத் தொடங்கினார். படுவான்கரை வயலின் உழவுகூலி, விதைநெல், பசளைச் செலவு எல்லாவற்றையும் ஒரு மாலையில் தட்டி முடித்தார். "இனி இதைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும்" என்றேன்.

"கோப்பு கச்சேரி அலுவலகத்தில் அல்லவா இருக்கும் மகன்? இதற்குள் ஏது கோப்பு?"

நல்ல கேள்வி. 'பைல்' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

கோப்பு என்பது கோத்தல் என்னும் வினையிலிருந்து வந்த பெயர். காத்தலிலிருந்து காப்பு, யாத்தலிலிருந்து யாப்பு, கோத்தலிலிருந்து கோப்பு. பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம். கோவையும் இதே வேரில் முளைத்ததுதான். அகப்பொருள் துறைகளை வரிசையாகக் கோத்த சிற்றிலக்கியம் கோவை. நம் நாட்டு அரச ஊழியருக்கான விதிகளைத் தொகுத்தது தாபன விதிக்கோவை. 'கோர்த்தல்' என்று இடையில் ஓர் ஒற்றை நுழைத்து எழுதும் வழக்கம் இப்போது பத்திரிகைகளிலும் பரவிவிட்டது. கைகோர்த்து அல்ல, கைகோத்து என்பதே திருத்தமான வடிவம். கோப்பு, கோவை இரண்டிலும் அந்த 'ர்' இல்லை என்பதைப் பார்த்தாலே போதும்.

ஆங்கிலத்துப் 'பைல்' எங்கிருந்து வந்தது? இலத்தீனில் 'பீலும்' என்றால் நூல், இழை. தாள்களைத் துளையிட்டு நூலிலோ கம்பியிலோ கோத்து வைப்பதைப் பிரெஞ்சுக்காரர் அந்த வேரிலிருந்து ஒரு சொல்லால் குறித்தார்கள். அது ஆங்கிலத்துக்குப் போனது. மின்குமிழுக்குள் இருக்கும் 'பிலமென்ட்' இழையும் அதே குடும்பம். தச்சுப் பட்டறையில் பைல் என்று சொல்லும் அரம் மட்டும் வேறு வேர். ஒலி ஒத்துப்போனதே தவிர உறவு இல்லை. ஆக இரு மொழியிலும் சொல்லின் அடியில் கிடப்பது ஒரு நூல்தான். பழைய மருந்துக்கடைகளில் பற்றுச்சீட்டுகளை ஒரு நீண்ட கம்பியில் குத்திக் குத்திச் சேர்ப்பார்களே, அந்தக் கம்பியும் ஒரு கோப்பு.

எனக்கு இந்தச் சொல்லின் மீது பற்று கூடியதற்குக் காரணம் இன்னொன்று. கணினி உள்ளே செய்வதும் கோக்கும் வேலைதான்.

பென்டிரைவில் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது ஒரே இடத்தில் முழுதாக அமர வேண்டும் என்றில்லை. சிறு சிறு துண்டுகளாகி, இடம் கிடைத்த இடங்களில் சிதறிக் கிடக்கலாம். பென்டிரைவ்களில் இன்றும் வழங்கும் 'ஃபேட்' என்னும் முறையில் இதற்கென ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டு எங்கே என்ற எண் அதில் குறிக்கப்பட்டிருக்கும். முதல் துண்டைப் பிடித்தால் இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது என்று கடைசிவரை போய்விடலாம். அந்த எண்கள்தான் நூல்.

பெரியம்மாவுக்கு இதை ஏட்டை வைத்துச் சொன்னேன். கண்ணகை அம்மன் சடங்கில் பாடப்படும் ஏடுகளை அவர் சிறுவயதிலிருந்து பார்த்தவர். ஓலையில் துளையிட்டு நூல் கோத்திருப்பார்கள். நூல் அறுந்தால் ஓலை எதுவும் தொலைந்துவிடாது, வரிசைதான் குலையும். கோப்பை அழிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ஃபேட் முறையில் அழிக்கும்போது கணினி அந்த எண்களைத் துடைத்து, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. எழுதிய துண்டுகள் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன, அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை. ஆகவே பென்டிரைவில் ஏதாவது தவறுதலாக அழிந்துபோனால், அதில் புதிதாக எதையும் ஏற்றாமல் உடனே கழற்றி வையுங்கள். மீட்பு மென்பொருள் அறுந்த நூலை மறுபடி கோக்க வாய்ப்பு இருக்கும்.

"ஓலை இருக்கும், கட்டு இருக்காது" என்றார் பெரியம்மா. நான் சொன்னதைவிட அது தெளிவு.

கோப்புகளை இட்டு வைக்கும் இடம் கோப்புறை: கோப்பு, உறை இரண்டும் சேர்ந்த சொல். தலையணைக்கு உறை, வாளுக்கு உறை, கோப்புக்கும் உறை. ஆவணம் என்பதைக் கோப்புக்கு மாற்றாகச் சிலர் எழுதுகிறார்கள், அது பொருந்தாது. ஆவணம் எழுத்தால் ஆனது. பாட்டும் படமும் காணொளியும்கூடக் கோப்புகள்தான்.

சேமிக்கும் கட்டளையைக் கொடுத்ததும் திரை பெயர் கேட்டது. "தமிழில் வைக்கலாமா?" என்றார். தாராளமாக வைக்கலாம் என்றேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'பெரும்போகம்' என்று தட்டினார். பிறகு தானாகவே ஒரு கோப்புறை திறந்து, அதற்கு 'வயல்' என்று பெயரிட்டு, கணக்கை அதற்குள் எடுத்து வைத்தார்.