இராமலிங்க விலாசத்தில் வசனம் பேச வருபவர்களுக்கு

குழந்தையின் கையில் மர வாளைக் கொடுத்து, ஓவியம் தீட்டிய சுவரில் சாய்த்து நிறுத்தி, கட்டபொம்மன் வசனம் பேசச் சொல்லி வீடியோ எடுக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பழைய சுவரோவியங்களைப் பராமரிப்பது என் தொழில். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு எப்போது போனாலும் இந்தக் காட்சி தவறுவதில்லை. சென்ற முறை வாளின் நுனி ஓவியக் குதிரை ஒன்றின் காலைச் சுரண்டிவிட்டது. சுண்டுவிரல் நகமளவு வண்ணம் உதிர்ந்து அடியிலிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. “பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும்தானே, சார்?” என்றார் அப்பா. ஆகாது. (புதுச்சாயம் பூசிய பழைய ஓவியத்தைப் பார்க்கப் போவது எங்களுக்குத் துக்கம் விசாரிக்கப் போவது போல.)

திரைப்படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ தொலைக்காட்சியில் ஓடினால் எங்கள் வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்துக்குத் தாத்தா, ஜி. ராமநாதனின் பாட்டுக்குப் பாட்டி, சண்டைக்குப் பேரன் என்று ஆளுக்கொரு பங்கு அதில் உண்டு. சிவாஜி பேசியதை ஐந்து வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது என்றால், எந்தப் பாடப்புத்தகத்துக்குக் கிடைத்த பேறு அது? தொல்லை எல்லாம், படம் பார்த்த அதே கண்ணோடு சுவரைப் பார்க்க வரும்போதுதான்.

ஐரோப்பியர் தெரியும் ஓவியத்தின் முன் நின்று, “இதோ ஜாக்சன் துரை, இதோ கட்டபொம்மன்” என்று பிள்ளைக்கு விளக்குகிறார்கள். இல்லை ஐயா, இல்லை. எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அந்த ஓவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தைச் சேர்ந்தவை. ஜாக்சன் இங்கே வந்து அமர்ந்தது 1798-இல். இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. ஓவியத்தில் இருக்கும் மன்னர் சேதுபதி. அவரைக் காண வந்திருப்பவர்கள் ஐரோப்பியர்கள். பக்கத்தில் உள்ள போர்க்காட்சி தஞ்சை மராட்டியருடன் நடந்தது, பாஞ்சாலங்குறிச்சிப் போர் அன்று. கட்டபொம்மன் பிறப்பதற்கு முன்பே காய்ந்துவிட்ட வண்ணத்தில் கட்டபொம்மனை எப்படித் தேடுவது?

சந்திப்பு நடந்தது உண்மைதான். 1798 செப்டம்பர், இதே இராமலிங்க விலாசம். அதற்கு முன் கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே போக, பேட்டி கிடைக்காமல் கட்டபொம்மன் பின்னாலேயே அலைந்திருக்கிறார். இங்கே வந்த பிறகும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். விவகாரம் வரிக் கணக்கைப் பற்றியது. பாக்கியில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே கட்டியிருந்தார். நின்றது 1080 பகோடா (அக்காலப் பொன் நாணயம்). கைது செய்ய முயன்றபோது வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தான். கட்டபொம்மனின் தானாபதி (அமைச்சர்) சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். தப்பித்துப் போன கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி குழு அமைத்து விசாரித்து, பிள்ளையை விடுவித்து, தன் கலெக்டரையே பதவியிலிருந்து இறக்கியது. வசனத்தால் வென்றதாக நாம் கைதட்டும் இடத்தில் அந்த மனிதர் மனுப் போட்டு வென்றிருக்கிறார்! அடுத்த ஆண்டே கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் என்பது வேறு கதை. அதுவும் இதுவும் சேர்ந்தவர்தான் கட்டபொம்மன். இதைப் பிள்ளைக்குச் சொன்னால் வீரம் குறைந்துவிடுமா என்ன?

சேதுபதியின் அரண்மனையில் ஒரு கலெக்டர் எப்படி உட்கார்ந்து விசாரித்தான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முத்துராமலிங்க சேதுபதியை 1795-லேயே கம்பெனி பதவி இறக்கிச் சிறை வைத்துவிட்டது. படத்தின் நாயகன் அவரல்லர் என்பதால், சொந்த ஊர்க்காரர்களே அவரைக் கடந்து போகிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் கடலில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வருகிறீர்கள். தயவுசெய்து மாற்றிக்கொண்டு வாருங்கள், மாற்றிய பிறகும் சாயாதீர்கள். கடற்கரை ஊரில் சுவர் உப்புப் பூத்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் வீட்டுச் சுவரே காட்டியிருக்கும். வாள், கதாயுதம், செல்ஃபி குச்சி எதுவும் உள்ளே வேண்டாம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சுவரில் பெயரையும் இதயத்தையும் கீறுபவர்களிடம் பேச எனக்கு வார்த்தை இல்லை. ஓவியத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். வசனம் பேசியே தீருவேன் என்று அடம்பிடித்தால் வெளியே திறந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள், தொண்டை வலிக்கும் வரை பேசட்டும். கேட்க நானும் வருகிறேன்.

ஒன்றே ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வண்ணம் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டால் நகத்தால் கிள்ளிப் பார்க்காதீர்கள். கீழே விழுந்து கிடந்தால் பெருக்கித் தள்ளவோ, நினைவுக்கென்று எடுத்துப்போகவோ வேண்டாம். அங்குள்ள பணியாளரிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். செதில் நொறுங்காமல் இருந்தால் பல வேளைகளில் அதே இடத்தில் திரும்ப ஒட்டிவிடலாம்.