மூடிய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீரை எப்படிச் சோதிக்கிறார்கள்?

நிலக்கரிச் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஊறி வரும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மூடியதும் பம்பும் நிற்கும், உள்ளே வெட்டிய வெற்றிடமெல்லாம் மெல்ல நிரம்பும், அது நிரம்பப் பல வருடங்கள்கூட ஆகலாம், அப்புறம் எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். பம்பை நிறுத்தவே முடியாத இடங்களும் உண்டு. ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடினார்கள். ஆனால் சுரங்கம் தோண்டித் தோண்டித் தரை பல மீட்டர் இறங்கிவிட்டது, இறைக்காவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கிவிடும், அதனால் இனி எந்தக் காலத்திலும் இறைப்பதை விட முடியாது. அந்தச் செலவுக்கென்றே ஒரு அறக்கட்டளை நடக்கிறது.

சரி, வெளியே வரும் தண்ணீரில் என்ன பிரச்சினை? நிலக்கரியோடும் அதைச் சுற்றியுள்ள பாறையோடும் பைரைட் கலந்திருக்கும். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சுரங்கம் தோண்டும்போது உள்ளே காற்று புகுந்துவிடுகிறது, தண்ணீரும் சேர்ந்ததும் பைரைட் சிதைந்து இரும்பும் கந்தக அமிலமும் தண்ணீரில் கலக்கின்றன. அமிலம் ஏறிய தண்ணீரில் இந்த வேதிவினை தானாக நடந்தால் மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அமிலத்திலேயே வாழும் சில பாக்டீரியாக்கள் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்துதான் பிழைக்கின்றன, அவை அந்தக் கட்டத்தைப் பத்து லட்சம் மடங்குவரை வேகப்படுத்திவிடும்.

சோதிக்கப் போகிறவர்களை முதலில் ஏமாற்றுவது நிறம்தான். சுரங்க வாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக வரும், பிஹெச் மீட்டரை (அமிலத்தை அளக்கும் கருவி, 7 என்றால் நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) வைத்தால் 6.5 காட்டும், பரவாயில்லையே என்று தோன்றும். கொஞ்ச தூரம் கீழே நடந்து போனால் அதே ஓடை காவி நிறத்தில் சேறு பூசிக் கிடக்கும், பிஹெச் 4-க்குக் கீழேகூட இறங்கியிருக்கும். தண்ணீர் நிரம்பிய சுரங்கத்துக்குள் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு கரைந்தபடியே நிறமில்லாமல் வருகிறது. வெளிக்காற்று பட்டதும் துருவாகப் படிகிறது, படியும்போது அமிலத்தையும் உண்டாக்குகிறது. ஒரு மில்லிகிராம் இரும்பு இப்படிப் படிய, சுமார் 1.8 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரத்தன்மை (அமிலத்தை முறிக்கும் திறன்) செலவாகும். அதனால் வாயில் எடுத்த பிஹெச் மட்டும் எதையும் சொல்லாது, இரும்பு எவ்வளவு, அதைச் சமாளிக்கும் காரத்தன்மை தண்ணீரில் எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காரத்தன்மையை அங்கேயே, அந்த இடத்திலேயே அளப்பது நல்லது.

மாதிரி எடுப்பதிலும் இதே சிக்கல். இரும்பு அளக்க எடுக்கும் பாட்டிலில் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகத் தண்ணீரைப் பிடித்து, உடனே சில துளி நைட்ரிக் அமிலம் விடுவார்கள். விடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போகிற வழியிலேயே இரும்பெல்லாம் துருவாகிப் பாட்டிலின் அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், அறிக்கை அருமையாக வரும், ஓடை காவியாகவே இருக்கும்.

என்னைக் கேட்டால் இதைவிட முக்கியம் ஓட்டத்தின் அளவு. வாய்க்காலின் குறுக்கே வி வடிவத்தில் வெட்டிய பலகையை நிறுத்தி, வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 90 டிகிரி வெட்டில் 10 சென்டிமீட்டர் நின்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 20 நின்றால் கிட்டத்தட்ட 25 லிட்டர். உயரம் இரட்டிப்பானால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் போய்விடுகிறது. அளவுகோலை வெட்டின் அருகிலேயே வைக்கக் கூடாது, அங்கே நீர் வளைந்து இறங்கும், கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். வெட்டின் விளிம்பில் துரு அப்பியிருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, மட்டம் நிலைக்கும் வரை காத்திருந்து படிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும். நொடிக்கு 4.4 லிட்டரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால் ஒரு நாளைக்கு 19 கிலோ இரும்பு ஆற்றுக்குப் போகிறது. சுத்திகரிப்புக் குட்டை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான்.

இவ்வளவும் வாய்க்கு வெளியே நின்று செய்யும் வேலை. உள்ளே தலையை நீட்டக் கூடாது, ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கியிருக்கும், வளிமண்டல அழுத்தம் இறங்கும் நாட்களில் அது வாசலுக்கே வந்துவிடும்.

ஓட்டம் கூடினால் பெரும்பாலும் மழைதான் காரணம். காரணமே இல்லாமல் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் உள்ளே கூரை சரிந்து வழி அடைபட்டுப் பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம். 2015 ஆகஸ்ட் 5-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கோல்ட் கிங் என்ற பழைய சுரங்கத்தில் (அது தங்கச் சுரங்கம், ஆனால் தண்ணீரின் கதை ஒன்றுதான்) அடைபட்ட வாயருகே இயந்திரத்தால் தோண்டியபோது சுமார் 1.1 கோடி லிட்டர் உடைத்துக்கொண்டு வந்து அனிமாஸ் ஆற்றை ஆரஞ்சு நிறமாக்கியது. பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை யாரும் நேரடியாக அளந்து பார்த்திருக்கவில்லை. ஆகவே ஓட்டம் குறைந்த இடத்தில் அடைப்பைத் தொடவே கூடாது, முதலில் சரிவில் புதிதாக எங்கேனும் ஈரம் கசிகிறதா என்று பார்த்து, மேலிருந்து துளை போட்டு உள்ளே நீர்மட்டம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும்.