‘டென்ஷன்’ என்றால் எந்த டென்ஷன்?

ஆலோசனை அறையில் நான் அதிகம் கேட்கும் சொல் ‘டென்ஷன்’. கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை வீசியவருக்கும் டென்ஷன். கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்துவிடுவாரோ என்று விடிய விடியப் புரள்பவருக்கும் டென்ஷன். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் சிலருக்கோ அந்த நோயின் பெயரே டென்ஷன்தான். ‘ஸ்ட்ரெஸ்’, ‘டிப்ரஷன்’, ‘மூட் அவுட்’ எல்லாம் இதே கதை.

ஆங்கிலம் கலந்து பேசுவதில் எனக்குப் புகார் ஏதுமில்லை. ‘பயமா இருக்கு’ என்று சொல்லக் கூசும் ஆண்கள்கூட ‘டென்ஷனா இருக்கு’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வகையில் நல்ல சொல்தான். ஆனால் பேச்சு அதோடு நின்றுபோனால், கோபமா பயமா துக்கமா என்பது எதிரில் இருப்பவருக்கும் தெரியாது, பல நேரம் சொல்பவருக்கே தெரியாது. மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்லவே.

உண்மையில் ஆங்கிலத்தில் இதைவிட நுணுக்கமான சொற்கள் நிறைய உண்டு. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது ‘இரிட்டபிள்’. நடக்கப்போவதை நினைத்து உள்ளுக்குள் பதறுவது ‘ஆங்ஷஸ்’. எல்லாம் தலைக்கு மேல் போய்த் திணறுவது ‘ஓவர்வெல்ம்ட்’. அழுகைகூட வராமல் மனசு மரத்துப்போவது ‘நம்ப்’. வெளிநாட்டில் டாக்டரிடமோ, அலுவலகத்தில் ஹெச்.ஆரிடமோ பேச வேண்டியவர்கள் இந்த நான்கையாவது பிரித்துச் சொல்லப் பழகினால் நல்லது.

கடைசிச் சொல்லை யாராவது சொன்னால் நான் சற்று நிமிர்ந்து உட்காருவேன். மனச்சோர்வு நோய் என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிடித்த கிரிக்கெட்டும் பிடிக்காமல், பேரப்பிள்ளை ஓடி வந்தாலும் ஒன்றும் தோன்றாமல் இருப்பதும் அதன் முக்கிய அறிகுறிதான். சோகமோ இந்த ஆர்வமின்மையோ குறைந்தது 2 வாரம், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம், உடல்தெம்பு போன்றவையும் கெட்டிருந்தால்தான் அந்த நோயாக இருக்குமோ என்று பார்ப்போம். அரியர் விழுந்த அன்றைய சோகத்துக்கு ‘டிப்ரஷன்’ என்று பெயர் வைத்துவிடுவதால், உண்மையான நோயாளி சொல்லும்போது வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை.

சரி, பிரித்துச் சொல்வதால் டாக்டருக்கு மட்டும்தான் லாபமா? 2012-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. சிலந்திக்கு மிகவும் பயப்படுகிறவர்களை உயிருள்ள சிலந்தியின் அருகே நிறுத்தினார்கள். ஒரு பிரிவினர் தங்கள் பயத்தை உள்ளபடி வாய்விட்டுச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் ‘இது ஒன்றும் செய்யாது’ என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பயத்தைச் சொன்னவர்களுக்குத்தான் தோலின் வியர்வையை வைத்து அளந்த பதற்றம் குறைவாக இருந்தது. ‘பயப்படாதே, ஒண்ணுமில்லை’ என்று குழந்தைகளின் வாயை அடைக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆங்கிலச் சொல் அகப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நெஞ்சு படபடக்குது, வயிற்றைப் பிசையுது, வெறுத்துப்போச்சு, மனசு விட்டுப்போச்சு, ஆதங்கமா இருக்கு: இவற்றில் எதைச் சொன்னாலும் எனக்கு ‘ஸ்ட்ரெஸ்’ஸை விட அதிகம் புரியும். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகை எதனால்? இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டீர்களா, யாரையாவது எதையாவது இழந்தீர்களா, இருந்த நிலையிலிருந்து சரிந்தீர்களா, பணமுடையா? அழுதுகொண்டு வருபவரிடம் நானும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறேன்.

வீட்டில் ஒருவர் ‘டென்ஷன்’ என்றால், ‘எதை நினைச்சா அப்படி இருக்கு? உடம்பு என்ன பண்ணுது? எப்போலேர்ந்து?’ என்று கேளுங்கள். அறிவுரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்ற பேச்சு வந்தால் மட்டும், டென்ஷனில் உளறுகிறான் என்று தள்ளிவிடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.